இரண்டு மெசினுக்கு ஒரே வயர்

அத்தை,

நேற்று பதுளையிலிருந்து புது டிவி வந்தது. பழையது போன மாதத்து இடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. கடையிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்தவர் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "மூணு ஓட்டை இருக்கு அக்கா, மூணு மெசினை ஒரே நேரத்துல சொருகி வச்சுக்கலாம்" என்றார். பாவம், அவர் சும்மாதான் சொன்னார். அதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்து அந்த ஓட்டைகளைப் பார்க்கிறேன், போய்க் கிண்டுகிறேன், மறுபடி வந்து பார்க்கிறேன். "என்ன, குட்டி போட்ட பூனை மாதிரி அலையுற?" என்று உங்கள் சின்னவர் கேட்டார். என்னத்தைச் சொல்ல? நீங்கள் இருந்த காலத்தில் இதில் இன்னொரு ஓட்டை கூட இருந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு ஆத்திரம்.

அந்தப் பழைய தட்டை டிவியை உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நாளில் பெரிய அத்தான் துபாயில், என் வீட்டுக்காரர் கத்தாரில். டிவியில் சண்டையே இல்லை. அதில் படம் போடும் மெசினில்தான் வந்தது வினை. அப்போது புதிதாக இரண்டு வகை டிஸ்க் வந்திருந்தது. இரண்டும் பழைய டிவிடியைவிடத் தெளிவு என்றார்கள். ஆனால் இதன் டிஸ்க் அதன் மெசினில் ஓடாது, அதன் டிஸ்க் இதில் ஓடாது. எது நிலைக்கும், எது காணாமல் போகும் என்று விற்கிற கடைக்காரனுக்கே தெரியாத காலம். பெரிய அத்தான் ப்ளூ-ரே என்றார், அதில்தான் நிறையக் கொள்ளுமாம். இவர் எச்டி டிவிடி என்றார். "பேர்லயே டிவிடி இருக்கும்மா, சனங்களுக்குப் பழகின பேரு, இதுதான் நிக்கும்" என்று போனில் உங்களிடம் சத்தியம் செய்தார்.

நீங்கள் பெரியவருக்கும் "ஆமாப்பா" சொன்னீர்கள், சின்னவருக்கும் "ஆமாப்பா" சொன்னீர்கள். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஈரச் சேலையோடு நின்றபடி இரண்டு பேரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "இதுல நம்ம படம் போகுமா?" போகும் என்றார்கள் இரண்டு பேரும்.

அந்தத் தீபாவளிக்கு இரண்டு பேரும் லீவில் வந்தார்கள், ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு. ஒருத்தர் சொன்னால் இன்னொருத்தர் கேட்கிற சாதியா? பசறையிலிருந்து வந்த டிவிக்காரர் பின்னால் பார்த்துவிட்டு, நல்ல வயர் போகிற ஓட்டை ஒன்றுதான் இருக்கிறது, ஒரு மெசினை அதில் மாட்டலாம், இன்னொன்றைப் பழைய மஞ்சள் வயரில் மாட்டலாம், கொஞ்சம் மங்கலாகத் தெரியும் என்றார். வந்ததே கோபம். "அப்ப என்னுது மட்டும் மங்கலாத் தெரியணுமா?" என்று இவர் எகிற, "என்னுது மங்கலாத் தெரியவா அவ்வளவு தூரத்துல இருந்து சுமந்தேன்?" என்று அவர் எகிற, டிவிக்காரர் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார். நீங்கள் உங்கள் பழைய நீலச் சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்து, இரண்டு மெசினுக்கும் போர்த்தி, டிவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தீர்கள். வயர் நடுவில் கிடந்தது.

அவர்கள் கொண்டுவந்த இங்கிலீஷ் படத்து டிஸ்க்குகளை ஒரு தடவை போட்டுக் காட்டினார்கள். நீங்கள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "மூஞ்சியில இருக்கிற பரு எல்லாம் தெரியுது. இதுக்கா இந்தச் சண்டை?" என்றீர்கள். நான் சிரித்தேன். இவர் என்னை முறைத்தார்.

லீவு முடிந்து இருவரும் போனார்கள். நானும் நீங்களும் பதுளை பஜாரில் அந்த டிஸ்க்குகளைத் தேடி ஏறாத கடை இல்லை. ஒரு கடையில் அந்த இரண்டு டிஸ்க்கின் பெயரையுமே கேள்விப்பட்டிருக்கவில்லை. இன்னொரு கடைக்காரர், "அது இங்க வராதும்மா, சாதா டிவிடி எடுத்துட்டுப் போங்க, ரெண்டு மெசின்லயும் ஓடும்" என்றார். உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் எந்த டிஸ்க் என்று அடித்துக்கொண்டிருக்க, நமுனுகுல மலையில் நாம் இரண்டு புது மெசினிலும் பழைய படமே பார்த்தோம்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கூத்து ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் படம். முதல் பாதி பெரியவர் மெசினில். திரையில் இடைவேளை என்று எழுத்து விழுந்ததும் எழுந்து, முட்டி போட்டு, டிஸ்க்கை எடுத்து, வயரைப் பிடுங்கி, சின்னவர் மெசினில் சொருகி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மறு பாதி. அடுத்த ஞாயிறு சின்னவரில் தொடங்கிப் பெரியவரில் முடியும். நடுவில் கரண்ட் போய் வந்தால் இன்னும் கேலிக்கூத்து. "எதுக்கு அத்தை இந்தப் பாடு?" என்று நான் கத்தியிருக்கிறேன். சாயங்காலம் துபாயிலிருந்து போன் வரும். "ஒன் மெசின்லதாம்ப்பா படம் பாத்தேன்." பிறகு கத்தாரிலிருந்து வரும். "ஒன் மெசின்லதாம்ப்பா படம் பாத்தேன்." போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "பொய்யா சொன்னேன்?" என்பீர்கள்.

எனக்கு அது போதவில்லை அத்தை. உள்ளதைச் சொல்கிறேன், ஒரு தடவையாவது நீங்கள் இவர் மெசினை நல்லது என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறி. இவர் எடுக்கிற எதுவும் கடைசியில் கோணிப்போகும். சேர்ந்த வேலையும் அப்படித்தான், நம்பின ஆட்களும் அப்படித்தான். பெரியவர் தொட்டதெல்லாம் துலங்கும். இந்த ஒன்றிலாவது என் வீட்டுக்காரர் ஜெயிக்கக் கூடாதா? "நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, எதுல நல்லாத் தெரியுது?" என்று ஒரு நாள் உங்களை மடக்கினேன். "எனக்குக் கண்ணு சரியில்ல புள்ள" என்றீர்கள். கூடை நிறையக் கொழுந்தில் ஒரு முத்தல் இலை கிடந்தால் எட்டி நின்றே சொல்லுகிற கண் அது. என்னிடமே கதை விட்டீர்கள்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. எச்டி டிவிடியை இனிமேல் செய்யப்போவதில்லை என்று கம்பெனியே கையை விரித்துவிட்டதாம். பெரிய அத்தான் அன்றைக்கே இவருக்குப் போன் போட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல? நீ எப்பவும் தோக்கிற பக்கந்தான்டா போய் நிப்ப" என்றிருக்கிறார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. இவருக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இவர் உங்களுக்குப் போன் செய்து, "அந்தச் சனியனத் தூக்கிக் கடாசும்மா" என்று குரல் உடையச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் போய்த் துணியை விலக்கி, பட்டனை அமுக்கி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து, "ஓடுதேப்பா. ஓடுற சாமானை எதுக்குக் கடாசணும்?" என்றீர்கள்.

அவர்கள் பேசாமல் இருந்த அத்தனை வருசமும் நீங்கள் வயரை மாற்றுவதை விடவில்லை. லீவுக்கு ஒருத்தர் வந்தால் இன்னொருத்தர் வரமாட்டார். வந்தவர் முதலில் டிவிக்குப் பின்னால் குனிந்து பார்ப்பார். தாயைப் பார்க்க வந்தவருக்கு அங்கே என்ன வேலை? கேட்க வேண்டும் என்று வாய் துறுதுறுக்கும், கேட்கமாட்டேன்.

கடைசி ஞாயிறு வந்தது. அது கடைசி என்று யாருக்குத் தெரியும்? பாதிப் படத்தில் எழும்பப் போனீர்கள், முடியவில்லை. மூச்சு வாங்கியது. "நான் மாத்துறேன் அத்தை" என்றேன். "வேணாம் புள்ள, இன்னிக்கு இதுலயே ஓடட்டும்" என்றீர்கள். முதல் முறையாக ஒரு படத்தை ஒரே மெசினில் முழுதாகப் பார்த்தோம். எந்த மெசின் என்று எனக்குத் தெரியும். யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

இரண்டு நாள் கழித்து உங்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவைக் கூப்பிட்டேன். நீங்கள் கைத்தாங்கலாக வாசல் வரை வந்துவிட்டு, "இரு புள்ள, ஒண்ண மறந்துட்டேன்" என்று என் கையை உதறிவிட்டு உள்ளே போனீர்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார், மழை இறங்குகிறது, எனக்குப் பதறுகிறது. "என்னத்த அத்தை தேடுறீங்க? நான் எடுத்துத் தர்றேனே" என்று வெளியிலிருந்தே கத்தினேன். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தீர்கள். முட்டியில் சேலையெல்லாம் தூசி. விழுந்துவிட்டீர்களோ என்று பயந்துபோய்த் திட்டிவிட்டேன். நீங்கள் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டீர்கள். வளைவுக்கு வளைவு உங்கள் மூச்சு என் கழுத்தில் பட்டது. அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்கு நடந்து வரவில்லை.

காரியத்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலை. எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு பெரிய அத்தான் எழுந்து டிவிப் பக்கம் போனார். அந்த ஞாயிறு வயர் எதில் நின்றது என்பது எனக்குத்தானே தெரியும்? இப்போது குனிந்து பார்ப்பார், பார்த்ததும் ஒருத்தர் மனசு உடையும், இனி ஆயுசுக்கும் அந்தப் பேச்சுதான் என்று நினைத்தேன். அவர் குனிந்தார். நிமிரவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வயர் இரண்டிலும் இல்லை அத்தை. பிடுங்கி, சுருட்டி, இரண்டு மெசினுக்கும் நடுவில் வைத்திருந்தீர்கள்.

"தம்பி, இங்க வந்து பாரு" என்று பெரிய அத்தான் கூப்பிட்டார். இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா கடைசியா எதுல பாத்தாங்க?" என்று பெரிய அத்தான் என்னிடம் கேட்டார். "ரெண்டுலயுந்தான்" என்றேன். அது பொய். எந்த மெசினில் படம் பார்த்தோம் என்பதில் உங்கள் வீட்டில் சொல்லப்பட்ட ஒரே பொய் என்னுடையது.

அதற்காக இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். இப்போதும் போனில் அடித்துக்கொள்கிறார்கள்தான். எந்த டிவி வாங்குவது என்று போன வாரம் பெரிய ரகளை. ஆனால் பேசுகிறார்கள்.

டிஸ்க் என்பதையே இப்போது யாரும் தேடுவதில்லை. எல்லாருக்கும் எல்லாம் கைப்போனில் வருகிறது. ஜெயித்த மெசினுக்கும் தூசிதான், தோற்ற மெசினுக்கும் தூசிதான். இன்றைக்கு மத்தியானம் இரண்டையும் துடைத்து, பஜாரில் இன்னொரு வயர் வாங்கிவரச் சொல்லி, புது டிவியில் இரண்டையும் சேர்த்தே சொருகினேன். நம்ம பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டேன். இவர் கூட வந்து உட்கார்ந்தார். இனி யாரும் எதையும் பிடுங்க வேண்டாம்.

பாதிப் படத்தில் இடைவேளை என்று எழுத்து விழுந்தது. நான் எழுந்துவிட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, போய் டிவிக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். "அங்க என்ன செய்யுற?" என்று இவர் கேட்கிறார். ஒன்றுமில்லை என்றேன். அவரும் எழுந்து வந்து, டிஸ்க்கை எடுத்து அடுத்த மெசினில் போட்டார்.