மூலை நாற்காலி

மதிப்பிற்குரிய கணவருக்கும், முன்னாள் பயிற்சியாளருக்கும்,

இருவரும் ஒருவரே என்பதால் ஒரே உறையில் எழுதுகிறேன்.

நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை. பத்திரிகையில் படம் பார்த்தேன், கன்னம் உப்பியிருக்கிறது. உங்கள் எண்ணை என் போனில் முடக்கி வைத்திருப்பதால் இந்தக் கடிதம். கடிதத்தில் ஒரு வசதியும் உண்டு: நடுவில் நீங்கள் பேச முடியாது. அணியின் மசாஜ்காரம்மா ஊர் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மல்யுத்த முகாம் ஒரு மாணவர் விடுதியில் நடக்கிறது. அறைக்கு இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், குளியலறை வாசலில் எடை பார்க்கும் இயந்திரம். கூட இருப்பவள் கனமான எடைப் பிரிவுக்காரி. எடை ஏற வேண்டும் என்று கட்டிலில் சம்மணமிட்டு பிஸ்கட் தின்கிறாள். எடை ஏறக் கூடாத நான் எதிர்க் கட்டிலில் அதன் வாசனையைச் சாப்பிடுகிறேன். இடது காது மறுபடி வீங்கி, ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். டாக்டர், "இந்தக் காதுல பேச்சு நல்லா விழுதா?" என்று கேட்டார். இதில் மந்தம்தான் டாக்டர், வலது காதில் நன்றாக விழுகிறது, அதுதான் என் வியாதி என்றேன். அவர் சிரிக்கவில்லை. உங்களைத் தெரியாதவர்.

விஷயத்துக்கு வருகிறேன். சம்மேளனச் செயலாளர் போன் செய்தார். "உங்க வீட்டுக்காரர் எழுதியிருக்காரும்மா. அவர் கோச்சா மூலையில உக்காந்தாதான் உலகப் போட்டியில நீங்க ஜெயிப்பீங்களாம். இது குடும்ப விஷயம், நாங்க தலையிட மாட்டோம். யார் உக்காரணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார். குடும்ப விஷயத்தில் தலையிடாத உத்தமர். மல்யுத்த விஷயத்திலும் இதுவரை தலையிட்டதில்லை.

சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை அல்ல.

காரணம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் போலப் பேட்டி கொடுத்திருப்பதால் எழுதுகிறேன். நடுவர் தீர்ப்பு தவறு என்று தோன்றினால், மூலை நாற்காலியில் இருக்கும் பயிற்சியாளர் கையிலுள்ள ஸ்பாஞ்சுக் கட்டையை விரிப்பின்மேல் எறியலாம். வீடியோவைத் திரும்பப் பார்ப்பார்கள். பயிற்சியாளர் சொன்னது தவறென்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி. போன வருட இறுதிப் போட்டியில் நாலுக்கு நாலு. மற்றதெல்லாம் சமம், சமமாக முடிந்தால் கடைசியாகப் புள்ளி எடுத்தவளுக்கே வெற்றி. எடுத்தவள் நான். மிச்சமிருந்த நொடிகளில் நான் செய்ய வேண்டியது நிற்பது. நீங்கள் செய்ய வேண்டியது உட்காருவது.

நீங்கள் எழுந்தீர்கள். எதிராளியின் கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டதாம், நடுவர் பார்க்கவில்லையாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாவது மூச்சைத்தான் செலவழித்தான். வீடியோவில் அவள் குதிகால் உள்ளே சுகமாக இருந்தது. அவளுக்கு ஐந்து, எனக்கு நாலு.

இது ஆட்டத்தின் பதற்றம் என்று உங்கள் நண்பர்கள் சொல்லலாம். எனக்குத் தெரியும், இது உங்கள் இயல்பு. காய்கறிக் கடையில் தராசை மறுப்பீர்கள். பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரை மறுப்பீர்கள். நம் கல்யாணத்தன்று போட்டோக்காரரிடம், "நான் கண்ணை மூடவே இல்லை, திருப்பிக் காட்டுய்யா" என்று சபை நடுவே சண்டை போட்டீர்கள். திருப்பிக் காட்டினார். மூடித்தான் இருந்தது.

அன்று நடுவர் என்னிடமும் கேட்டார்: "ஒத்துக்கறியா?" வீராங்கனை மறுத்துவிட்டால் கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அத்தோடு முடிந்தது. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். அது மல்யுத்தப் பழக்கம் அல்ல, கல்யாணப் பழக்கம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளைப் பற்றித்தான் பழமொழி இருக்கிறது. புருஷனை நம்பித் தங்கப் பதக்கத்தைக் கைவிட்டவளுக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு உங்கள் பேட்டி. "அவளுக்கு முன்ன மாதிரி கவனம் இல்லை, வயசு ஆகுதுல்ல" என்றீர்களாம். குப்புற விழுந்தது நான். மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஊருக்குச் சொன்னது நீங்கள். வேலைப் பிரிவினை என்றால் இதுதான்.

இனி மூலையில் உட்காரப் போவது முகாமின் பயிற்சியாளர் அம்மா. இடைவேளையில் துண்டு தருவார், தண்ணீர் தருவார், "காலைப் பாத்துக்கோ" என்பார். அவ்வளவுதான். முதல் நாள் எனக்கு வலது காதும் போய்விட்டதோ என்று பயந்தேன். எதிராளியின் முழங்காலுக்குப் பின்னால் கை கோக்கும் என் பிடியைப் பார்த்துவிட்டு, இதை யார் கற்றுக் கொடுத்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பிடியை நான் திருப்பித் தர முடியாது, கேட்காதீர்கள்.

நேற்று உங்கள் தங்கை பேசினாள். "அண்ணி, அண்ணன் ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறார்" என்று ஆரம்பித்தாள். கன்னத்தைப் பற்றிக் கேட்டேன். "சரி, சாப்பிடறார். ஆனா ருசிச்சுச் சாப்பிடல" என்று திருத்திக்கொண்டாள். உங்கள் குடும்பத்தில் தீர்ப்பை மாற்றிக்கொண்ட முதல் ஆள்.

பிறகு இன்னொன்று சொன்னாள். அந்த ஸ்பாஞ்சுக் கட்டையை நீங்கள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டீர்களாம். "தினமும் அதே மேட்சைப் போடறார் அண்ணி. கட்டையைக் கையில வச்சுக்கிட்டு டிவி முன்னால உக்காந்திருக்கார். அந்த இடம் வரும்போது இறுக்கிப் பிடிச்சுக்கறார். எறியறதே இல்லை" என்றாள்.

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

உறைக்குள் ஒரு நுழைவுச் சீட்டு இருக்கிறது. வீராங்கனைகளின் குடும்பத்துக்கென்று இலவசமாகத் தருவது. வீணாகக் கூடாதே என்று வைத்திருக்கிறேன். வேறு அர்த்தம் தேடாதீர்கள், தேடினால் மறுப்பேன். பார்வையாளர் பகுதி, மூன்றாவது வரிசை. அங்கிருந்து கத்தினால் எனக்குக் கேட்காது. இடது காது அந்தப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ருசித்துச் சாப்பிடுங்கள். வருவதானால் அந்தக் கட்டையையும் கொண்டு வாருங்கள். நான் விரிப்பில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருங்கள்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை உங்கள் மனைவி