கீரைக்கட்டு ரப்பர் பேண்ட்

கன்சாஸ் சிட்டி
மே 1953

அன்பு மகள் வெர்லீனுக்கு,

அப்பா எழுதுவது. நியூயார்க்கில் நீ சூப்பை விட்டுவிட்டு சோளரொட்டியைக் கடிக்கும் அளவுக்குத் தேறியிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம். நானும் சுகம், அம்மாவைக் கேட்டால் தேவைக்கு அதிகமாகவே சுகம் என்பாள்.

உன் கடிதம் வந்தது. முன்பற்களை எடுத்துப் பல்செட் வைத்த பிறகு, சாக்ஸபோனில் யாரோ அந்நியர் சத்தம் கேட்கிறது, விற்றுவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மா அதை வாசித்து, மடித்து, மாவு டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். அவள் ஒன்றை அங்கே வைத்தால் விஷயம் எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கிளியோஃபஸ் கடைக்கு முடிவெட்டப் போனேன். வெட்ட என்ன இருக்கிறது என்று கேட்காதே, நான் போவது பேச்சுக்கு. முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருக்கிறேன், அவன் அக்கா மகன் பெர்சி புத்தம்புது சாக்ஸபோனோடு நுழைகிறான். பளபளவென்று மின்னுகிறது. நடுவில் ஒரு ரப்பர் பேண்ட்!

"என்னடா, வாங்கின அன்னைக்கே உடைச்சுட்டியா?" என்றேன்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது மாமா. வெர்லீன் அக்கா சத்தத்தோட சூட்சுமமே இதுதான். ஊர்ல வாசிக்கிறவன் எல்லாரும் மாட்டியாச்சு" என்றான்.

சிரித்த சிரிப்பில் சோப்பு நுரை வாய்க்குள் போய்விட்டது. உன்னுடைய முதல் வாத்தியம், அந்த அடகுக்கடைச் சாமான், ஒரு துளைமூடியின் ஸ்பிரிங் ஒடிந்து கிடந்தபோது, மாற்ற வழியில்லாமல் கீரைக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி மாட்டியவன் நான்தான் என்றேன். அதனால்தான் அந்த ஒரு சுரம் மட்டும் தயங்கித் தயங்கி வந்தது என்றேன். யாரும் நம்பவில்லை. "எல்பர்ட்டு, உனக்கு விசிலே அடிக்க வராது, நீ ஜாஸைக் கண்டுபிடிச்சியாக்கும்?" என்று கிளியோஃபஸ் கேட்டான். அவன் கையில் கத்தி. நான் வாதாடவில்லை.

பெர்சி ஊதினான். அந்தச் சுரம் தயங்கி வந்தது, அப்படியே உன்னுடையது போல. மீன் வாங்கிக்கொண்டு தெருவில் வந்த அம்மா கதவைத் தள்ளித் திறந்து, "வெர்லீன் எப்ப வந்தா?" என்றாள். பெர்சியைப் பார்த்ததும், "நல்லாத்தான் வாசிக்கிற, தம்பி" என்று சொல்லிவிட்டு மீனோடு திரும்பிப் போய்விட்டாள்.

பொம்பளைக்கு எதற்கு இந்த வாத்தியம் என்று உன்னைத் திருப்பி அனுப்பினார்களே, அதே மண்டபத்தில் இப்போது இரண்டு பெண்கள் சாக்ஸபோன் வாசிக்கிறார்கள். அவர்களும் மாட்டியிருக்கிறார்களாம். ஊரில் கீரைக்கட்டு அவிழ்ந்து கிடப்பதற்கு நாம்தான் காரணம்.

பல்செட் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். எனக்கு வைத்த புதிதில், அதுவரை வராத விசில் தானாக வந்தது. "லவீனியா" என்று கூப்பிட்டால், கெட்டில் கொதித்து விசிலடிக்கிறதா என்று அம்மா அடுப்பைப் பார்த்தாள். பிறகு அந்தக் கெட்டிலுக்கே பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். இன்று நான் விலா எலும்புக் கறியைக்கூடக் கடிக்காமல் விட்டுவைப்பதில்லை.

இதோடு ஒரு ரப்பர் பேண்ட் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமைக் கீரையினுடையது, கழுவியிருக்கிறேன். உன் இப்போதைய வாத்தியத்துக்கு இது தேவையில்லை என்று எனக்கும் தெரியும். விற்பதற்கு முன் அந்த அந்நியரை ஒரே ஒரு பாட்டு வாசிக்க விடு, மகளே. அம்மாவுக்கு அடையாளம் தெரியும்.

கர்த்தர் உன் மூச்சைக் காக்கட்டும்.

உன் அப்பா,
எல்பர்ட்
(ஜாஸைக் கண்டுபிடித்தவன்)