உள்ளூர் ஆள் கையெழுத்து

செவ்வாய், இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் தம் உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் தர்மாவரத்து நண்பர் நாராயணப்பாவுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவரும் ராத்திரி பஸ் ஏறி, இன்று காலையில் அவருடைய லாக்கரைத் திறக்க என்னோடு பேங்குக்கு வந்தார்.

மேனேஜர் உயிலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இவரு ஆந்திராக்காரருங்க. லாக்கரத் தொறக்க உள்ளூர் ஆள் கையெழுத்து வேணும்மா."

"எந்தச் சட்டத்துல அப்பிடி இருக்குதுங்க? எழுதிக் குடுங்க" என்றேன்.

"சும்மா பேஜார் பண்ணாதீங்கம்மா" என்றார்.

முப்பது வருஷமாக எங்கள் தறிக்குப் பட்டு நூல் அனுப்பியவர் நாராயணப்பா. அப்போது யாரும் மாநிலம் கேட்கவில்லை. உள்ளூர்ப் பங்காளி சொத்தில் கைவைத்துவிடுவான் என்றுதானே உயிலில் வெளியூர் ஆளை எழுதினார் என் மனுஷன்!

அந்தப் பங்காளியே மேனேஜர் எதிரில் காபி குடித்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரரின் தம்பிதான். எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னாத்துக்கு அண்ணி சண்ட? நான் போட்டுடறேன்" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன். மேனேஜருடைய மேலதிகாரிக்குப் புகாரும் இதிலேயே எழுதி முடித்தேன், நான்கு பக்கம். மை இன்னும் நிறைய இருக்கிறது.