இடவலம் மாறிய வீடு

பெங்களூரு
ஜூன் 8

அன்புள்ள அனகா,

நான் போனில் கத்துகிறேனாம், எழுதினால் போதும் என்றாய். இதோ எழுதுகிறேன்.

வீடு கிடைத்துவிட்டது. கிழக்கு வாசல். நுழைந்ததும் இடது பக்கம் சமையலறை. உன் அப்பா பிடிவாதம் பிடித்த அதே தென்கிழக்கு, அக்னி மூலை. தரகர் அனுப்பிய படங்களை இணைத்திருக்கிறேன். நாளை முன்பணம் கட்டப் போகிறேன். மூச்சிரைப்பு குறைந்ததா? எப்போது வருகிறாய்?

உன்,
நிரஞ்சன்

திப்டூர்
ஜூன் 8, மாலை

என் அவசரக்காரருக்கு,

கட்டாதீர்கள்! போன வீட்டையும் படம் பார்த்துத்தான் பிடித்தீர்கள். படத்தில் சுவர் பளபளவென்று இருந்தது. குடிபோன பிறகுதானே பூஞ்சை தெரிந்தது? மூச்சு விட முடியாமல்தான் அம்மா வீட்டில் வந்து கிடக்கிறேன். இன்னொரு தடவை அப்படி ஆனால் திரும்பி வரமாட்டேன்.

அப்பா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “வாசல் மேல பிள்ளையாரைப் பாரும்மா, தும்பிக்கை வலம்புரி! அதுக்கு எவ்வளவு ஆசாரம் பார்க்கணும்? எவன் வாடகை வீட்டு வாசல்ல வைப்பான்? உன் வீட்டுக்காரன் நேர்ல போனானா, இல்ல நாற்காலியில உட்கார்ந்தே குடிபோயிட்டானா?”

போனீர்களா?

அனகா

பெங்களூரு
ஜூன் 9

அனகா,

போகவில்லை. இன்று போனேன்.

பிள்ளையாரின் தும்பிக்கை இடம்புரிதான். படத்தைத்தான் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றியிருக்கிறார்கள். சமையலறை உண்மையில் வலது பக்கம், வடகிழக்கே ஈசானிய மூலையில். கேமராவுக்கு மென்பொருள் எழுதும் எனக்கு இது தெரியவில்லை. சிரித்துக்கொள்.

தரகர் கொஞ்சமும் அசரவில்லை. “சார், எல்லாரும் அக்னி மூலைதான் கேட்கறாங்க. சமையலறையை நகர்த்த முடியுமா? படத்தைத்தான் நகர்த்த முடியும். உங்க மாமனார் என்ன, திசைகாட்டியோடவா வரப்போறாரு?”

கத்தினேன். கத்தி முடித்தபின், வந்ததற்குச் சுவரையாவது பார்ப்போம் என்று, ஈரம் அளக்கக் கொண்டுபோன ஈரமானியை எடுத்தேன். ஒரு சுவர் விடவில்லை. வீட்டுக்காரர் விட்டுப்போன பீரோவை நகர்த்தி அதன் பின்னாலும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாகக் காய்ந்த சுவர். கீழ்வீட்டு அம்மாவைக் கேட்டேன். “மழைக்காலத்துலகூட இங்க அப்பளம் நமத்துப் போகாதுப்பா” என்றார்.

எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது. ஆனால் மாமாவிடம் தரகர் படத்தைக் காட்டிச் சாதிக்க மாட்டேன். நானே எடுத்த படங்கள் இணைப்பில் இருக்கின்றன. ஒன்றும் அழகாக இல்லை. அவர் ஈசானிய மூலை கூடாது என்றால் வேறு வீடு தேடுகிறேன். நீங்கள் இருவரும் சொல்லும்வரை பணம் கட்டமாட்டேன்.

நிரஞ்சன்

திப்டூர்
ஜூன் 10

அன்புள்ள உங்களுக்கு,

அப்பாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். சமையலறை என்றதும் முகம் சுருங்கியது.

பிறகு போனை வாங்கி ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒட்டடையும் கரப்பான் முட்டையுமாக ஒரு சுவர் வந்தது. “இது என்ன கண்றாவி?” என்றார்.

“பீரோவுக்குப் பின்னாலப்பா.”

அதை இன்னும் பெரிதாக்கினார். “பீரோவை நகர்த்திப் பார்த்திருக்கானா, இவன்?” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் என்னிடம், “அடுப்பைக் கிழக்குப் பார்த்து வச்சுக்கோ. மூலையைப் பார்த்து என்ன பண்ண, நீ மூச்சு விட்டா போதும்” என்றார்.

பணம் கட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பால் பொங்க வைக்க நாள் பார்த்தாயிற்று. சனிக்கிழமை மாலை ரயிலுக்கு ஸ்டேஷன் வாருங்கள். பெட்டி கனமாக இருக்கும். இந்தத் தடவை இங்கே ஒரு புடவைகூட விட்டுவைக்கவில்லை.

உங்கள்,
அனகா