யீஸ்டுக்கும் சைவச் சாப்பாடு

முந்தாநாள் காய்ச்சலுக்கு டாக்டர் கேப்சூல் எழுதிக் கொடுத்தார். தண்ணீரோடு விழுங்க வேண்டியதுதானே? என் கை தானாக அதைத் திருகிப் பிரித்துத் தூளை நாக்கில் கொட்டிவிட்டது. அப்படி ஒரு கசப்பு. "கறி திங்கிறவளுக்கு இது என்னட்டி கிறுக்கு?" என்றாள் அம்மா. என்னோடு வேலை பார்த்த உன் கிறுக்குதான் அது, எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கேப்சூல் கூட்டை மாட்டெலும்பிலிருந்து செய்கிறார்கள் என்று தெரிந்த நாள்முதல், பம்பாய் மாட்டுங்கா ஐயராத்துக்காரி நீ தூளை மட்டும்தான் தின்றாய். ரயிலில் லேடீஸ் பெட்டியில் நீ முகம் சுளிப்பதைப் பார்த்து எதிர் சீட்டு மராத்திக்கார மாவ்ஷி பெப்பர்மின்ட் நீட்டுவாள். அதிலும் மாடு இருக்கிறதோ என்று உறையைப் படித்துவிட்டுத்தான் வாயில் போடுவாய்.

விக்ரோலி ஆராய்ச்சி லேபில் நம் வேலையும் அதுவாகவே அமைந்தது. நாமே வடிவமைத்த மரபணுவை யீஸ்டுக்குள் நுழைத்து, கூட்டுக்காக எலும்பிலிருந்து எடுக்கும் கொலாஜன் புரதத்தை மாடே இல்லாமல் செய்ய வைப்பது. "சாகறதுக்குள்ள ஒரு கேப்சூலையாவது முழுசா முழுங்கணும்டி" என்பாய்.

அப்புறம் யீஸ்டுக்குப் போடும் தீனி டப்பாவின் லேபிளைப் படித்துத் தொலைத்தாய். இறைச்சியிலிருந்து செய்த தூள். "இது மாம்சம் சாப்பிடறதுடி. இது பண்றது எப்படி சைவமாகும்?"

"ஏட்டி, யீஸ்டுக்கு வாழையிலை போட்டுப் பரிமாறப் போறியா?"

நீ அசையவில்லை. சோயாவுக்கு மாற்றினாய். யீஸ்ட் கோபித்துக்கொண்டு பாதிதான் வளர்ந்தது. மேலதிகாரி என்னைத் திட்டினார். உன்னைத் திட்ட அவருக்குப் பயம்.

கிடைத்த புரதமும் இறுகவில்லை. மூன்று இழைகள் ஜடை மாதிரி பின்னிக்கொண்டால்தான் கூடு நிற்கும். நம்முடையது பம்பாய் வெக்கைக்கு ரசமாக ஓடியது. அதற்குள் நீ நோயில் படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியிலும் கேப்சூலைப் பிரித்துத் தரச் சொல்லி நர்ஸோடு சண்டை. என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "ஜடை பின்னிண்டுதாடி?" இல்லை என்பேன். "பின்னிக்கும். சோயாவை மட்டும் மாத்திடாதே." கடைசியாக நீ என்னிடம் பேசியதும் அதுதான்.

மாற்றவில்லை. இழைகளைப் பின்ன உதவும் இன்னொரு மரபணுவைச் சேர்த்தோம். நேற்று கூடு நின்றது, அழுத்திப் பார்த்தாலும் நசுங்கவில்லை. லேபில் செய்ததை வாயில் வைக்கக் கூடாது என்பது சட்டம். ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ரயிலில் உட்கார்ந்து, காய்ச்சல் மருந்தை அதில் அடைத்து முழுசாக விழுங்கினேன். ஒரு துளிகூடக் கசக்கவில்லை. நீ விழுங்க வேண்டியதை நான் விழுங்கிவிட்டேனே என்று அழுகை வந்துவிட்டது. மருந்து கசக்கிறதாக்கும் என்று மாவ்ஷி பெப்பர்மின்ட் நீட்டினாள்.

உறையைப் படித்துவிட்டுத்தான் வாயில் போட்டேன்.