நாரைச் சிகரத்துக்கு மூன்று பெயர்

கோபே, 1971 நவம்பர்

மிரானின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளையும் சுகமா? உன் இருமல் விட்டதா? நான் இங்கே குதிரை மாதிரி இருக்கிறேன்.

செருப்புத் தொழிற்சாலையில் ஒரு பெட்டி காலில் விழுந்தது. எறும்புக் கடிதான், ஏழே தையல். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "காக்குஹோ! யாருங்க காக்குஹோ? எத்தன தடவ கத்துறது!" என்றாள். எவனோ செவிடன் என்று நானும் சிரித்தேன். துணைக்கு வந்த சீனத்துச் சமையல்காரர் என் அட்டையைப் பார்த்தார். "யோவ் ஹெஃபெங், உன்னத்தான்யா! அடி காலுலயா, காதுலயா?"

அட்டையில் இருந்தவை என் பெயரின் அதே இரண்டு சீன எழுத்துகள்: நாரை, சிகரம். நான் பிறந்த அன்று மலைமேல் நாற்பது நாரைகள் இறங்கியதால் அப்பா வைத்த பெயர். இங்கே ஜப்பானில் காக்குஹோ, சீனாவில் ஹெஃபெங், நம் கொரியாவில் ஹாக்போங்; மூன்று நாட்டிலும் பொருள் ஒன்றே, கூப்பிடும் வாய்தான் வேறு. ராஜாவுக்குக்கூட மூன்று பெயர் கிடையாது!

ஆனால் ஹாக்போங் என்று கூப்பிட்ட என் அம்மா போய்விட்டார். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதென்று நீயும் 'மிரானின் அப்பா' என்கிறாய்.

மிளகாய்த்தூள் அனுப்பு. கம்பளிக் காலுறையும். புத்தாண்டன்று உங்கள் தபால் நிலையத்துக்கு போன் செய்வேன். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொல். வெட்கமாக இருந்தால், உன் பெயரை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓக்புன்.

ஹாக்போங்