மேளம் இல்லாத தாழ்ப்பாள்

என் தங்கக்குட்டிக்கு, சித்தி எழுதறது. ஆண்டவன் புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லாத் தூங்கணும்னு தினமும் சாமிகிட்ட நச்சரிக்கறேன். போன்ல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வேலை இருக்குன்னு வச்சுடற, அதான் எழுதறேன், இதையாவது பாதியில வைக்காதே. சித்தப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டறார், படியை என்னமோ நான் கட்டின மாதிரி.

நீ எடிட்டிங் பண்ணிப் போன்ல அனுப்பின அந்தச் சண்டைப் படத்தோட முதல் சீனைப் பார்த்தேன். சாமி கும்பிடறப்போ போன் சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சவ, திரும்பக் கூட்ட மறந்துட்டேன், படமே இப்படித்தான் போலன்னு பார்த்தேன். அந்தப் பொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டுப் பாத்திரம் கழுவறா, பின்கதவுத் தாழ்ப்பாள் மெதுவா நகருது, அவளுக்குத் தெரியலை, எனக்குத் தெரியுது. அவ கையைக் காட்டற, தட்டைக் காட்டற, மறுபடி தாழ்ப்பாளைக் காட்டற, வர்றது யாருன்னு மட்டும் காட்ட மாட்டேங்கற. அடியே திரும்பிப் பாருடின்னு நான் போட்ட கூச்சல்ல சித்தப்பா பதறி ஓடி வந்தார். அவளுக்காகச் சாமியை வேற கூப்பிட்டுட்டேன், போய் நம்ம பின்கதவையும் இழுத்துப் பார்த்துட்டு வந்தேன்.

அப்புறம் சித்தப்பா சத்தத்தைக் கூட்டிப் போட்டார். எடுத்த எடுப்புலயே டமடமன்னு மேளம். பயப்படு பயப்படுன்னு காதுல கத்தினா பயமா வரும், எரிச்சல்தான் வருது. திருடன் என்ன ஊர்வலமா வர்றான்னு சித்தப்பாவே கேட்டுட்டார். தண்ணி விழற சத்தம் மட்டும் இருக்கட்டும்டி, கடைசியில அவ குழாயை மூடறப்போ எல்லாம் அடங்கி, தாழ்ப்பாள் கிர்ருன்னா என் உயிர் போயிடும்.

நீயும் மேளம் வேண்டாம்னுதான் சொன்னியாம், அதை எடுத்தா மாசக் கடைசியில வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு படம் எடுக்கற முதலாளி சொன்னாராமே, பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடட்டுமான்னு கேக்கற. வாம்மா, உன் வீடு, எப்பவும் வரலாம், ஆனா அழுதுகிட்டு வராதே. சண்டையும் போடாதே, உனக்கு மூக்குக்கு மேல கோபம். அவரும் பாவம், ஜனங்க எழுந்து போயிடுவாங்களோன்னு பயப்படறார். அவரை உக்கார வச்சு என்னை மாதிரி ஒரு தடவை சத்தமே இல்லாம பார்க்கச் சொல்லு. நடுவுல தான் உக்கார்ந்திருக்கற அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்னா நீ ஜெயிச்ச.

நடை பழகறப்பவே என் இடுப்புக்கு வந்த பிள்ளை, ஒரு குறையும் வராது, சாமி துணை இருக்கும். என்ன ஆனாலும் உடனே கூப்பிடு, என்னையும் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கிட்டு உக்கார வைக்காதே. போன் சத்தத்தை முழுசாக் கூட்டி வச்சிருக்கேன்.

எப்பவும் உன் பக்கம் நிக்கற,
சித்தி